இரண்டும் எல்லைக்கு மேலே போனால்

போன பதிவில் என் பழைய ரேடியோ பித்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, காலை நடையில் என்னோடு வரும் நண்பர் ஒருவர், "சார், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஏதோ அலாரம் செய்து வைத்திருக்கிறீர்களாமே, எனக்கும் ஒன்று செய்து கொடுங்களேன்" என்றார். செய்து கொடுக்கத் தடையில்லை. ஆனால் அந்த அலாரத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் கொடுப்பது நியாயமில்லை. நேரில் சொல்ல நா எழவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

2021-இல் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறல். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு முதுகிலும் இடுப்பிலும் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை என்று ஒன்று உண்டு. ஒரு சின்னப் பம்பு வரிசை விட்டு வரிசை காற்றை நிரப்பி இறக்கிக்கொண்டே இருக்கும். பத்து வாட்கூட இழுக்காது என்றாலும் நிற்காமல் ஓட வேண்டும். நின்றால் சில மணி நேரத்தில் மெத்தை தட்டையாகிவிடும்.

எங்கள் அஸ்தினாபுரத்தில் கரண்ட் போவது ஒன்றும் செய்தியல்ல. 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததே, அதற்குப் பிறகு இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் மாடிப்படிக்குக் கீழே உயரமாக மேடை கட்டி ஏற்றி வைத்துவிட்டேன். பேட்டரி இறங்கினால் இன்வெர்ட்டரே கத்துமே என்று கேட்பீர்கள். கத்தும், அணைவதற்குக் கொஞ்சம் முன்னால். மாடிப்படிக்குக் கீழே கத்துவது, மழைச் சத்தத்தில், கதவு சாத்திய அறையில் படுத்திருக்கும் எழுபது வயசுக் காதுக்கு எங்கே கேட்கும்? அதனால்தான் 2023 ஜூன் மாதம், கட்டில் தலைமாட்டிலேயே ஒரு அலாரம் வைப்பது என்று முடிவு செய்தேன். பேட்டரி முழுசாக இறங்குவதற்கு முன்னாலேயே அது கத்தினால் விசிறி, விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு பம்பை மட்டும் ஓட விடலாம். பத்து வாட்டுக்கு மிச்சமிருக்கும் பேட்டரியே இன்னொரு ராத்திரியைத் தாங்கும்.

இந்த வேலைக்கு வேண்டியது 'கம்பேரேட்டர்' என்னும் சிப்பு. இரண்டு வோல்டேஜைக் கொடுத்தால் எது பெரிது என்று மட்டும் சொல்லும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் பௌதிக வாத்தியார் தராசைக் காட்டித்தான் இதையெல்லாம் விளக்குவார். வோல்டேஜுக்கு பிரெஞ்சில் 'தான்சியோன்' என்று பெயர். ரத்தக் கொதிப்புக்கும் அதே சொல்தான். இங்கே மெட்ராஸ் பக்கம் வேலைக்கு வந்த புதிதில், பக்கத்து நாற்காலிக்காரர் "ஒரே டென்ஷன்" என்றபோது, எத்தனை வோல்ட் என்று கேட்கத் தோன்றியிருக்கிறது.

அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு இது இன்னும் எளிது. கொட்டேஷன் வாங்கி ஒப்பீட்டுப் பட்டியல் போடுவோமே, அதே காரியம்தான். இரண்டு விலை, எது குறைவு, அவ்வளவுதான். இந்த உதாரணத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ரிச்சி தெருவுக்குப் போய் எல்எம் 393 என்ற சிப்பை வாங்கி வந்தேன். எட்டுக் கால் பூச்சி போல இருக்கும். ஒரே உடம்பில் இரண்டு கம்பேரேட்டர். கடையில் பத்துப் பதினைந்து வருடமாக எனக்குப் பழக்கமான தம்பி, "இது கெட்டுப் போகாது சார், எதையும் தாங்கும்" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. வீட்டுக்கு வந்து, அதன் விவரத்தாளை இணையத்திலிருந்து இறக்கிப் பார்த்தேன். முதல் அட்டவணையிலேயே இன்புட் வோல்டேஜ் மைனஸ் 0.3 முதல் 36 வோல்ட் வரை என்று போட்டிருந்தது. என் பேட்டரியோ 12 வோல்ட். சார்ஜ் ஏறும்போது பதினாலரைக்குப் போகும். 36 எங்கே, 14 எங்கே! தாளை மூடி வைத்துவிட்டேன்.

முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன் நான். முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் அதிகாரிகளைப் பற்றி எவ்வளவு கேலி பேசியிருப்பேன்!

சுற்றையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரியிலிருந்து 7805 என்ற சீராக்கி வழியாக 5 வோல்ட் எடுத்து, அதைச் சிப்புக்கு விநியோகமாகக் கொடுத்தேன். பேட்டரி வோல்டேஜை 20 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என்று இரண்டு மின்தடைகளால் மூன்றில் ஒரு பங்காக்கினேன். மூன்றால் வகுப்பது மனக்கணக்குக்குச் சுலபம் பாருங்கள். முழு பேட்டரி 12.6 வோல்ட் என்றால் சிப்புக்கு 4.2 போகும். அலாரம் அடிக்க வேண்டிய 11.4 வோல்டுக்கு 3.8. இன்னொரு இன்புட்டுக்கு, அந்த 5 வோல்ட்டிலிருந்தே திருகு மின்தடை வைத்து, மீட்டரைப் பார்த்துப் பார்த்து நிலையாக 3.8 கொடுத்தேன். பேட்டரிப் பக்கம் 3.8-க்குக் கீழே இறங்கினால் பஸ்ஸர் கத்த வேண்டும்.

சோதனையும் செய்தேன். பேட்டரியிலிருந்து வரும் ஒயரைக் கழற்றினேன். பஸ்ஸர் வீடே அதிரக் கத்தியது. மாட்டினேன், நின்றது. மறுபடி கழற்றினேன், கத்தியது. கட்டிலில் இருந்தவள் இடது கையால் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று எனக்கு இருந்த பெருமை, பதவி உயர்வு வந்த அன்றைக்குக்கூட இருந்ததில்லை.

டிசம்பர் வந்தது, மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. அன்றைய மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் மாட்டியிருப்பீர்கள். எங்கள் தெருவில் விடியற்காலையே கரண்ட் போய்விட்டது. நாள் முழுக்க இன்வெர்ட்டரில்தான் ஓட்டினோம். அறையில் ஒரு விசிறி, ஒரு விளக்கு, பம்பு, நடுவில் செல்போன் சார்ஜ். ராத்திரி பத்து மணிக்கு விசிறியை நிறுத்தலாமா என்று யோசித்தேன். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்ததால் ஒரே புழுக்கம், கொசு வேறு. தலைமாட்டில் அலாரம் இருக்கிறது, அது சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

விழித்தபோது ஆறு மணிக்கு மேல் ஆகியிருந்தது. விசிறி நின்றிருந்தது. பம்பும் நின்றிருந்தது. மெத்தையில் கை வைத்துப் பார்த்தேன். காற்று இல்லை, வெறும் பிளாஸ்டிக் விரிப்பாகக் கட்டில் பலகையோடு ஒட்டிக் கிடந்தது. அவள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாளோ. குழறலாக ஏதோ சொன்னாள். "கீச்... கீச்" என்று என் காதில் விழுந்தது. அணிலா, எலியா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். எனக்குப் புரியவில்லை. அவளைப் புரட்டிப் படுக்க வைத்தபோது, இடுப்பெலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. அழுத்தினால் வெளுக்கவில்லை.

அது புண்ணாகி, தினமும் கட்டுப் போட்டு, ஆறுவதற்குப் பங்குனி ஆகிவிட்டது. அதை விவரமாக எழுத எனக்கு மனமில்லை.

தப்பு பேட்டரி மேல்தான் என்று நினைத்தேன். வாங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. பேட்டரிக்காரர் வந்து, தன் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார். ஒரு நாள் பூரா ஓட்டினா இறங்கத்தான் செய்யும்" என்றார். அப்படியானால் அலாரம் ஏன் அடிக்கவில்லை? ஒயரைக் கழற்றினேன், கத்தியது. அலாரமும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டும் நன்றாக இருந்தால், என் தூக்கத்தின் மேல்தான் குற்றம் என்று ஆகிறது. அடித்திருக்கிறது, கிழவனுக்குக் கேட்கவில்லை. இரண்டு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டு இருந்தேன்.

மாடியில் குடியிருப்பவர்களின் பையன் அப்போது பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதற்கோ கீழே வந்தவன், பலகையைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது எத்தனை வோல்ட் சப்ளை?" என்று கேட்டான். ஐந்து என்றேன். "ரெஃபரன்ஸ்?" 3.8 என்றேன். கொஞ்சம் யோசித்தான். "நீங்க டெஸ்ட் பண்ணும்போது ஒயரைக் கழற்றித்தானே பார்த்தீங்க? மெதுவா இறக்கிப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை.

பேட்டரிக்குப் பதிலாக இன்னொரு திருகு மின்தடையை வைத்து, மீட்டரை மாட்டி, அவன் திருகினான், நான் எண்ணைப் படித்தேன். 4.1, சத்தமில்லை, சரி. 3.9, சத்தமில்லை, சரி. 3.7, சத்தமில்லை. அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை. 3.6, இல்லை. 3.5-ஐ ஒட்டி வந்தபோதுதான் கத்தியது. நான் பழக்க தோஷத்தில் தாளில் மூன்றால் பெருக்கினேன், 10.5. பேட்டரி 10.5 வோல்டுக்கு இறங்கினால் என்ன ஆகும் என்பது இன்வெர்ட்டர் வைத்திருக்கும் பலருக்குத் தெரியும். ஆறு அறைகள், அறைக்கு 1.75 வோல்ட். அதற்குக் கீழே போனால் பேட்டரி கெடும் என்பதால் இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும் இடம் அதை ஒட்டித்தான். என் அலாரம் முன்கூட்டி எச்சரிக்கவே இல்லை. பம்பு நிற்கும் அதே நொடியில் கத்தும்படி இருந்திருக்கிறது.

வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அப்படியானால் அந்த நேரத்திலாவது கத்தியிருக்குமே, விடாமல் கத்தியிருக்குமே? பையன்தான் சொன்னான். "இன்வெர்ட்டர் கட் ஆனதும் லோடு போயிடும் தாத்தா. லோடு போனா பேட்டரி வோல்டேஜ் கொஞ்சம் ஏறிடும். பதினொண்ணுக்கு மேல போயிருக்கும். உடனே பஸ்ஸர் நின்னுருக்கும். ஒரு செகண்ட் கத்தியிருக்கலாம்."

ஒரு செகண்ட். 'கீச்' என்று.

அவள் அன்று காலையிலேயே சொல்லிவிட்டாள். நான்தான் அணிலா என்று கேட்டேன்.

பையன் விவரத்தாளின் இரண்டாவது அட்டவணையைக் காட்டினான். நான் புரட்டாமல் விட்ட பக்கம். அங்கே இன்புட்டுக்கு இன்னொரு எல்லை போட்டிருக்கிறது. 'காமன் மோட்' எல்லை என்று பெயர். கீழே பூஜ்யம், மேலே விநியோக வோல்டேஜில் ஒன்றரை வோல்ட் குறைவு. எல்லா வெப்பநிலைக்கும் சேர்த்து என்றால் 2 வோல்ட் குறைவு. என் விநியோகம் 5. ஆகவே 3.5 வரைதான் அதற்குப் பேச்சு, பத்திரமாகக் கணக்குப் போட்டால் 3 வரைதான். நான் கொடுத்ததோ ஒரு பக்கம் 3.8, மறுபக்கம் 4.2-லிருந்து இறங்குவது. இரண்டுமே எல்லைக்கு மேலே.

முதல் அட்டவணையில் இருந்த 36 வோல்ட் என்பது சிப்பு சாகாமல் இருக்கும் எல்லை. இரண்டாவதில் இருப்பது அது சரியாகப் பதில் சொல்லும் எல்லை. கடைத் தம்பி "எதையும் தாங்கும்" என்று சொன்னது முதலாவதைப் பற்றி. சிப்பு தாங்கத்தான் செய்தது.

இங்கேதான் ஒப்பீட்டுப் பட்டியல் வருகிறது. ஓர் அதிகாரிக்கு ஐந்நூறு ரூபாய் வரை அனுமதி வழங்க அதிகாரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கொட்டேஷன் வருகிறது. ஒன்று நானூறு, மற்றொன்று ஐயாயிரம். ஐயாயிரம் அவர் எல்லைக்கு மேலே என்றாலும், நானூறுதான் குறைவு என்று தைரியமாக எழுதிவிடுவார். இரண்டுமே எல்லைக்கு மேலே, அறுநூறும் எழுநூறும் என்றால்? கோப்பு மேசையிலேயே கிடக்கும். சத்தமே வராது. இந்த 393-இன் குணமும் அச்சாக அதுவே. ஒரு இன்புட்டாவது எல்லைக்குள் இருந்தால், மற்றது எவ்வளவு மேலே போனாலும் (36-ஐத் தாண்டாமல்) சரியான பதில் வரும் என்று விவரத்தாளே சொல்கிறது. இரண்டும் மேலே போனால் அதன் பதிலுக்கு உத்தரவாதம் இல்லை. என்னிடம் இருந்த சிப்பு வாயை மூடிக்கொண்டது. நான் ஒயரைக் கழற்றிச் சோதித்தபோதெல்லாம் ஒரு பக்கம் பூஜ்யமாகி எல்லைக்குள் வந்துவிட்டது, பதிலும் சரியாக வந்துவிட்டது.

ஏன் மேலே ஒன்றரை வோல்ட் விட வேண்டும் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மொட்டை மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குச் சமமான உயரத்தில் குழாய் வைத்தால் தண்ணீர் வருமா? கொஞ்சமாவது இறக்கம் வேண்டும். சிப்புக்குள் இன்புட்டில் இருக்கும் டிரான்சிஸ்டர்களுக்கு மின்னோட்டம் மேலே விநியோகத்திலிருந்து இறங்கி வருகிறது. அதற்கு வேண்டிய இறக்கம்தான் அந்த ஒன்றரை. கீழ்ப்பக்கம் அப்படி இல்லை, பூஜ்யம் வரை தாராளம். ஆனால் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.3-க்கு அப்பால் போகக் கூடாது. போனால் சிப்பின் அடித்தளத்தின் வழியாகவே மின்னோட்டம் திருட்டுத்தனமாக ஓடி, பதில் தாறுமாறாகும். பேட்டரி ஒயரைத் தலைகீழாக மாட்டுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். (நான் ஒரு தடவை மாட்டியிருக்கிறேன்.)

வேறு சிப்பு வாங்கிவிடுவதென்று மறுபடி ரிச்சி தெருவுக்குப் போனேன். குரோம்பேட்டையில் ரயில் ஏறி, கிண்டியில் மெட்ரோவுக்கு மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். வழி நெடுக, கையில் ஒப்பீட்டுப் பட்டியல். இந்தத் தடவை ஒழுங்காகப் போட்டது. எல்எம் 311, பெயர் பெற்ற பழைய சிப்பு, ஆனால் அது கீழே தரையைக்கூடத் தொடாது, அரை வோல்ட் மேலிருந்துதான் ஆரம்பம். மேலேயும் இடம் விட வேண்டும். 339 என்பது 393-இன் அண்ணன், ஒரே உடம்பில் நாலு கம்பேரேட்டர், குணம் அதேதான். சிலர் 358 என்ற ஆம்ப்ளிஃபையரை இந்த வேலைக்கு வைப்பார்கள், அதற்கும் மேலே ஒன்றரை வோல்ட் தடைதான். கடைசியாக 'ரயில் டு ரயில்' என்று ஒரு வகை. தாம்பரம் டு பீச் போல, கீழ் விநியோகத்திலிருந்து மேல் விநியோகம் வரை முழுக்க இன்புட் கொடுக்கலாம். ஆசையாக இருந்தது. ஆனால் அந்த வகையில் பலவற்றுக்கு விநியோகமே ஐந்தரை வோல்ட்டுக்கு மேல் ஆகாது. இன்புட்டும் விநியோகத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே இருக்கும் காப்பு டயோடு வழியாக மின்னோட்டம் பாயும். விநியோகம் போய், பேட்டரி ஒயர் மட்டும் உயிரோடு இருந்தாலும் அதே கதி. 393-க்கு அந்தத் தொல்லை கிடையாது. கடைத் தம்பி சொன்னானே, எதையும் தாங்கும் என்று.

கடைசியில் சிப்பு எதுவும் வாங்கவில்லை. 100 கிலோ ஓம் ஒன்று, 20 கிலோ ஓம் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டும் சேர்ந்து ஐந்து ரூபாய்கூட ஆகவில்லை. மூன்றால் வகுத்த இடத்தில் ஆறால் வகுத்தேன். 12.6 வந்தால் சிப்புக்கு 2.1, 11.4-க்கு 1.9. சார்ஜ் ஏறும்போது 14.4 வந்தாலும் 2.4-தான். எல்லாமே 3-க்குள் அடங்கிவிட்டது. நிலையான பக்கத்தையும் 1.9-க்குத் திருகி வைத்தேன். அதே சிப்பு, அதே பலகை. விநியோகத்தை 5-லிருந்து 12-ஆக உயர்த்தியிருந்தாலும் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அந்த 12 பேட்டரியோடு சேர்ந்து ஆடும், அதிலிருந்து எடுக்கும் நிலையான வோல்டேஜும் ஆடும்.

இப்போது ஒயரைக் கழற்றிச் சோதிப்பதில்லை. பேட்டரி ஒயருக்கு நடுவில் ஒரு திருகுகுமிழ் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீட்டரை மாட்டி, மெதுவாக, மிக மெதுவாகத் திருகுவேன். குமிழைத் திருகுவது சில மாதமாக அவள் வேலை, இடது கையால். 12.3, 12, 11.8 என்று நான் படிப்பேன். 11.4-ஐத் தொட்டதும் கத்தும். கத்திய பிறகும் கையை எடுக்காமல் 11 வரை கீழே கொண்டுபோவாள், நடுவில் நிற்கிறதா என்று பார்க்க. நிற்காது. பிறகு என்னைப் பார்த்து, "அணில்" என்பாள்.

நண்பருக்கு அடுத்த வாரம் ஒன்று செய்து தருகிறேன். குமிழோடுதான் தருவேன்.